கேட்கத் தெரிந்த தலைமை



2003-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் கொலம்பியா விண்வெளி ஓடம் 16 நாள் பயணத்தை முடித்துக்கொண்டு பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. தரையிறங்கச் சுமார் கால் மணி நேரமே இருந்த நிலையில், டெக்சாஸ் மாநிலத்துக்கு மேலே வானத்தில் அது சிதறிப்போனது. உள்ளே இருந்த ஏழு பேரும் மாண்டார்கள். அவர்களில் ஒருவர், அரியானாவின் கர்னாலில் பிறந்து வளர்ந்த கல்பனா சாவ்லா.

ஓடம் ஏவப்பட்ட 82-ஆவது விநாடி வாக்கில், வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைப்பொருள் துண்டு ஒன்று பிய்ந்து வந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியிருந்தது. எடை முக்கால் கிலோ இருக்கும். மறுநாளே படப்பதிவுகளைப் பார்த்த பொறியாளர்களுக்கு அது தெரிந்துவிட்டது. இறக்கையில் ஓட்டை விழுந்திருக்குமோ என்று அவர்கள் பயந்தார்கள். ராணுவத்தின் கருவிகளைக் கொண்டு விண்ணில் இருக்கும் ஓடத்தைப் படமெடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். அந்தக் கோரிக்கை மேலே போகப்போக மெலிந்து, கடைசியில் நின்றே போனது. பொறியாளர் ஒருவர் மிகக் காட்டமாக ஒரு மின்னஞ்சல் எழுதினார். எழுதினாரே தவிர, மேலதிகாரிகளுக்கு அதை அனுப்பவில்லை.

விபத்தை ஆராய்ந்த குழு, நுரைத்துண்டு எவ்வளவு காரணமோ அதே அளவுக்கு அந்த நிறுவனத்தின் பழக்கவழக்கங்களும் காரணம் என்று எழுதியது. விசாரணையின்போது நடந்த ஓர் உரையாடலைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன். பயணத்தை மேற்பார்வையிட்ட கூட்டங்களுக்குத் தலைமை வகித்தவரிடம், மாற்றுக் கருத்துகளை எப்படித் தேடிப் பெறுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். என் காதுக்கு வரும்போது கேட்டுக்கொள்வேன் என்று பதில் வந்தது. அவை காதுக்கு வராமலே போகக்கூடியவை ஆயிற்றே என்றார் கேட்டவர். யாராவது முன்வந்து சொன்னால் கேட்பேன் என்று மறுபடியும் பதில். சரி, அவற்றை வரவழைக்க என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்று அவர் விடாமல் கேட்டார். அதற்குப் பதில் இல்லை.

நேயர்களே, அந்தக் கேள்வி விண்வெளி நிறுவனத்துக்கு மட்டும் உரியது அல்ல. பள்ளித் தலைமையாசிரியர், வங்கிக் கிளை மேலாளர், ஜவுளிக்கடை முதலாளி, மருத்துவமனையின் தலைமைச் செவிலியர், கட்டட மேஸ்திரி, மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவி என்று நாலு பேரை வேலை வாங்கும் பொறுப்பில் இருக்கும் எவருக்கும் அது பொருந்தும். உண்மையைச் சொன்னால் கேட்டுக்கொள்வேன் என்று சொல்லாத தலைவரே கிடையாது. என் அறைக்கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வரலாம் என்பார்கள். மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் யாரும் வருவதில்லை. ஏன்?

கீழே இருப்பவரின் நிலையிலிருந்து யோசித்துப் பாருங்கள். பேசினால் வரும் நன்மை எல்லோருக்கும் பொது. அதுவும் என்றைக்கோ வரும். பேசினால் வரும் கெடுதல் பேசியவருக்கு மட்டும். அது உடனே வரும். பேசாமல் இருந்துவிட்டால் யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. இந்தக் கணக்கை எந்த ஊழியருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போன வருடம் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டவர் என்ன ஆனார் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒன்று இடமாற்றம் வந்திருக்கும், இல்லையென்றால் எல்லா வாரமும் இரவு ஷிப்ட் விழுந்திருக்கும். ‘அவர் ஒரு மாதிரி’ என்ற பெயராவது ஒட்டியிருக்கும். ஒருவருக்கு நடந்ததைப் பார்த்து ஐம்பது பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

நம் அரசு அலுவலகங்களில் ஆண்டுதோறும் மேலதிகாரி தமக்குக் கீழே இருப்பவரைப் பற்றி மதிப்பீடு எழுதுகிறார். பதவி உயர்வு அதைப் பொறுத்தது. கீழே இருப்பவர் மேலதிகாரியைப் பற்றி எழுத, பொதுவாக, அந்தப் படிவத்தில் ஒரு வரிகூட இடமில்லை. தனியார் நிறுவனங்கள் பலவற்றிலும் இதே கதைதான். மதிப்பெண் ஒரு பக்கமாகவே ஓடும் இடத்தில், உண்மை மட்டும் எதிர்ப்பக்கமாக ஓடிவரும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

செய்தி மேலே ஏறும் விதத்தையும் கவனியுங்கள். களத்தில் நிற்பவர் ஆபத்து என்கிறார். அவருடைய சூப்பர்வைசர் அதைக் கவலைக்குரிய விஷயம் என்று எழுதுகிறார். அவருக்கு மேலே இருப்பவர், விஷயம் எங்கள் கவனத்தில் உள்ளது என்கிறார். தலைவரின் மேசைக்கு வரும்போது நிலைமை கட்டுக்குள் உள்ளது என்று ஆகியிருக்கிறது. நடுவில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒரு சொல்லை மட்டும் கொஞ்சம் இளக்கினார்கள், அவ்வளவுதான். ஆக, தலைவர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறாரோ அவ்வளவு இளகிய செய்திதான் அவருக்குக் கிடைக்கும். அவர் நல்லவரா கெட்டவரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதை மாற்றிக் காட்டிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நம் மறைமலைநகரில் கார் ஆலை நடத்தியதே ஃபோர்டு, அந்த நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக 2006-ஆம் ஆண்டு ஆலன் முலாலி பொறுப்பேற்றார். அதற்கு முன் போயிங் விமான நிறுவனத்தில் இருந்தவர். அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஃபோர்டுக்கு 1,200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். முலாலி வியாழக்கிழமைதோறும் மேல்மட்ட அதிகாரிகளின் கூட்டம் ஒன்றைத் தொடங்கினார். ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ள வேலைகளுக்கு நிறம் கொடுக்க வேண்டும். சரியாகப் போனால் பச்சை. சிக்கல் தெரிந்தால் மஞ்சள். தடைபட்டு நின்றால் சிவப்பு.

முதல் சில வாரங்களில் வந்த அட்டவணைகள் எல்லாம் ஒரே பச்சை. நிறுவனம் பல நூறு கோடி டாலரை இழந்துகொண்டிருக்கிறது, இங்கே சரியில்லாதது என்று ஒன்றுமே இல்லையா என்று முலாலி கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அங்கே அதுவரை சிக்கலை ஒப்புக்கொண்டவர் பலவீனமானவர் என்று கருதப்பட்டார். தீர்வு கையில் இல்லாமல் சிக்கலை வெளியே சொல்லக்கூடாது என்பது அங்கே எழுதாத விதி.

பிறகு ஒரு வியாழக்கிழமை, அமெரிக்கக் கண்டப் பிரிவின் தலைவர் மார்க் ஃபீல்ட்ஸ் சிவப்பைக் காட்டினார். கனடாவின் ஓக்வில் ஆலையில் தயாராகிக்கொண்டிருந்த ‘எட்ஜ்’ என்ற புது வண்டியில் ஒரு கோளாறு இருந்தது. அதைச் சரிசெய்யாமல் வண்டிகளை வெளியே அனுப்பப் போவதில்லை என்று நிறுத்தி வைத்திருந்தார். அறையே மௌனமானது. இவர் வேலை போயிற்று என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலி கை தட்டினார். நிலைமையை இவ்வளவு தெளிவாகச் சொன்னதற்குப் பாராட்டிவிட்டு, இவருக்கு யார் உதவ முடியும் என்று மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார். ஒருவர் தம்முடைய தர நிபுணர்களை அனுப்புவதாகச் சொன்னார். இன்னொருவர் இதே மாதிரி கோளாறை வேறு வண்டியில் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

அதன் பிறகும் உடனே எல்லோரும் மாறிவிடவில்லை. சிவப்பு காட்டியவர் அடுத்தடுத்த வாரங்களிலும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களின் அட்டவணைகளிலும் மஞ்சளும் சிவப்பும் வரத் தொடங்கின. 2009-இல் ஜெனரல் மோட்டார்சும் கிரைஸ்லரும் திவால் மனு கொடுத்தபோது ஃபோர்டு கொடுக்கவில்லை. 2006-இன் இறுதியில் வாங்கிவைத்த பெருங்கடன் அதற்கு ஒரு பெரிய காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த இடத்தில் ஓட்டை என்று தெரியாமல் அந்தப் பணத்தையும் சரியாகச் செலவிட்டிருக்க முடியாது. 2014-இல் முலாலி ஓய்வுபெற்றபோது அவர் இடத்துக்கு வந்தவர், அன்று சிவப்பைக் காட்டிய அதே மார்க் ஃபீல்ட்ஸ்.

முலாலி உண்மையைப் பேசுங்கள் என்று பிரசங்கம் செய்து இதைச் சாதிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கெட்ட செய்தி வந்த முதல் நாளில் தலைவரின் முகம் எப்படி இருந்தது என்பதை எல்லோரும் பார்த்தார்கள். அதிலிருந்துதான் கற்றுக்கொண்டார்கள்.

இன்னொரு விஷயம். எங்கள் பிரிவில் ஒரு புகாரும் வந்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்க வேண்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது. ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக, நல்ல தலைமையோடு இயங்கும் வார்டுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த கணக்கு தலைகீழாக இருந்தது. நல்ல வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. துருவிப் பார்த்தபோது உண்மை விளங்கியது. அந்தச் செவிலியர்கள் அதிகமாகத் தவறு செய்ததாக அதற்குப் பொருள் இல்லை. செய்த தவறைப் பயமின்றிச் சொன்னார்கள். மற்ற வார்டுகளில் தவறுகள் மறைந்து கிடந்தன. ஆகவே, புகார் இல்லை என்பதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளும் தலைவர் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும். தவறே நடக்கவில்லையா, தவறு தமக்குச் சொல்லப்படவில்லையா?

சரி, சொல்லப்படாத உண்மையை வரவழைக்கும் வழிதான் என்ன? சில இடங்களில் அதை நல்லெண்ணத்துக்கு விடாமல், வேலையின் ஒரு பகுதியாகவே ஆக்கியிருக்கிறார்கள்.

ஜப்பானின் டொயோட்டா கார் நிறுவனத்தைத் தொடங்கிய குடும்பம் முதலில் தறி செய்தது. அக்குடும்பத்தின் சகிச்சி டொயோடா உருவாக்கிய தானியங்கித் தறியில், ஒரு நூல் அறுந்தாலும் தறி தானாக நின்றுவிடும். பழுதான துணி கெஜக்கணக்கில் நெய்யப்படுவதைவிட, நிறுத்திச் சரிசெய்வது மேல் என்பது அதன் பின்னால் இருந்த எண்ணம். கார் ஆலைக்கு வந்தபோது அதே எண்ணம் ஒரு கயிறாக மாறியது. உற்பத்தி வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் ஏதாவது சரியில்லை என்று கண்டால் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம். பலகையில் விளக்கு எரியும். குழுத் தலைவர் அவர் இருக்கும் இடத்துக்கு வருவார். இருவருமாகக் குறித்த நேரத்துக்குள் தீர்க்க முடிந்தால் வரிசை தொடர்ந்து ஓடும், முடியாவிட்டால் நிற்கும். இங்கே மூன்று காரியங்களைப் பாருங்கள். கயிற்றை இழுக்கத் தொழிலாளி யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. தலைவர்தான் தொழிலாளியிடம் வருகிறார்; தொழிலாளி தலைவரின் அறைக்குப் போவதில்லை. சொன்னதற்கு என்ன பலன் என்பது அங்கேயே, அப்போதே தெரிந்துவிடுகிறது.

விமானத் துறை இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினைச் சேர்ந்த தெனெரிஃப் தீவில், மூடுபனியில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டு 583 பேர் இறந்தார்கள். புறப்பட ஓடத் தொடங்கிய விமானத்தின் கேப்டன், தம் விமான நிறுவனத்தில் மிகவும் மதிக்கப்பட்ட மூத்த விமானி. மற்ற விமானிகளுக்குப் பயிற்சி அளித்தவர். எதிரே இருந்த மற்றொரு விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று அவருடைய விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. அடுத்த சில விநாடிகளில் எல்லாம் முடிந்தது.

அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் உலகெங்கும் விமானிகளின் பயிற்சி மாறியது. சந்தேகம் வந்தால் தயங்காமல், தெளிவாக, திரும்பத் திரும்பச் சொல்ல இளையவர்களுக்குக் கற்றுத் தந்தார்கள். அதோடு விடவில்லை. இளையவர்களைப் பேசவைப்பது உன் கடமை என்று கேப்டன்களுக்கும் கற்றுத் தந்தார்கள். பறப்பதற்கு முன்பே, நான் ஏதாவது தவறவிட்டால் உடனே சொல்லுங்கள் என்று கேப்டன் தம் வாயால் சொல்வது தொழில்திறமையின் ஒரு பகுதி ஆனது. வாய் திறக்கச் சொல்லித்தருவதும் காது கொடுக்கச் சொல்லித்தருவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். நம் அலுவலகங்களில் முதல் பாதிக்கு மட்டும்தான் பயிற்சி வகுப்பு வைக்கிறோம்.

இனி, நம் அன்றாட வேலையிடத்துக்கு வருவோம்.

முதலில், கேட்கும் விதம். ‘ஏதாவது குறை இருக்கா?’ என்று கேட்டால் ‘ஒண்ணும் இல்லீங்க சார்’ என்றுதான் பதில் வரும். குறை என்ற சொல்லே குற்றம் சுமத்தச் சொல்வதுபோல் இருக்கிறது. இந்த வாரம் உங்கள் வேலையை எது தாமதப்படுத்தியது என்று கேளுங்கள். நான் செய்வதில் எதை நிறுத்தினால் உங்களுக்கு வேலை எளிதாகும் என்று கேளுங்கள். புதுத் திட்டம் தொடங்கும்போது உளவியலாளர் கேரி கிளைன் சொல்லித்தந்த முறை ஒன்று உண்டு. இந்தத் திட்டம் தோற்றுப்போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், எதனால் தோற்றது என்று ஆளுக்கொரு தாளில் எழுதச் சொல்வது. மறுத்துப் பேசுவதையே அங்கே வேலையாகக் கொடுத்துவிடுகிறோம். அப்போது மறுத்துப் பேசுபவர் எதிரியாகத் தெரிய மாட்டார்.

இரண்டாவது, பேசும் வரிசை. தலைவர் தம் கருத்தை முதலில் சொல்லிவிட்டால் கூட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. மீதி எல்லாம் தலையாட்டல்தான். பழங்கால யூதர்களின் உயர்நீதி மன்றத்தில், மரண தண்டனை வழக்குகளில் இளைய நீதிபதிகளே முதலில் பேச வேண்டும் என்ற விதி இருந்தது. மூத்தவர் சொன்ன பிறகு இளையவர் மாற்றிச் சொல்லத் தயங்குவார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆனவர் முதலில் பேசட்டும். நிர்வாகி கடைசியில் பேசட்டும்.

மூன்றாவது, கேட்டவுடன் செய்யும் காரியம். கசப்பான ஒன்றைக் கேட்டதும் நம் வாயில் முதலில் வருவது விளக்கம். அப்படி இல்லை, நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று தொடங்குவோம். விளக்கம் நியாயமாகவே இருக்கலாம். எதிரே இருப்பவருக்கு அது, இனிமேல் சொல்லாதே என்றுதான் கேட்கும். நன்றி சொல்லுங்கள். இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். எழுதிக்கொள்ளுங்கள். விளக்கத்தை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

நான்காவது, திரும்பிப் போய்ச் சொல்வது. பலர் கேட்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது கேட்காமலே இருப்பதைவிட மோசம். அடுத்த முறை ‘சொல்லி என்ன ஆகப்போகுது’ என்ற பதில் நிலைத்துவிடும். ஒருவர் சொன்னதைச் செய்ய முடிந்தால் செய்துவிட்டு, நீங்கள் சொன்னதால்தான் இது மாறியது என்று அவரிடம் சொல்லுங்கள். செய்ய முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று காரணத்தைச் சொல்லுங்கள். செவிசாய்ப்பதும் கீழ்ப்படிவதும் ஒன்றல்ல. முடிவெடுக்கும் பொறுப்பு தலைவருடையதுதான். முழு விவரமும் தெரிந்து முடிவெடுக்க வேண்டும் என்பதே நாம் கேட்பது.

பெயர் சொல்லாமல் கருத்துச் சொல்லும் ஏற்பாடும் தேவைதான். பல இடங்களில் சுவரில் ஆலோசனைப் பெட்டி தொங்குகிறது. யாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ அவரிடமே சாவியும் இருக்கிறது. 1976-இல் அமெரிக்க விமானத் துறை இதற்கு ஒரு வழி கண்டது. விமானிகள் தம் தவறுகளையும் தாங்கள் கண்ட ஆபத்துகளையும் தெரிவிக்க ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். அதை நடத்தும் பொறுப்பைத் தண்டிக்கும் அதிகாரம் படைத்த துறையிடம் வைக்காமல், நாசாவிடம் ஒப்படைத்தார்கள். அறிக்கையிலிருந்து பெயரும் அடையாளமும் நீக்கப்பட்ட பிறகே அது பயன்பாட்டுக்கு வரும். அரை நூற்றாண்டாக அது ஓடிக்கொண்டிருப்பதற்கு அந்த நம்பிக்கைதான் காரணம். நம் பள்ளியிலோ கடையிலோ, எல்லோரும் மதிக்கும் வெளியாள் ஒருவரிடம் அந்தச் சாவியைக் கொடுக்கலாம்.

இதெல்லாம் நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது, நாம் பெரியவர்களை எதிர்த்துப் பேசும் வழக்கம் இல்லாதவர்கள் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் ஆட்சியைப் பற்றிப் பேசும்போது, தவறைக் கடிந்து சொல்லும் துணை இல்லாத அரசன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்று எச்சரித்தது திருக்குறள். மரியாதை வேறு, மௌனம் வேறு. மேலதிகாரி குழியில் விழப்போகிறார் என்று தெரிந்தும் கைகட்டி நிற்பது மரியாதை ஆகாது. ‘ஐயா, எனக்கு இது சரியாகப் படவில்லை’ என்று பணிவோடு சொல்ல நம் மொழியில் ஆயிரம் வழி இருக்கிறது. கேட்பவர் இருந்தால் சொல்பவர் வருவார்.

ஆகவே பொறுப்பில் இருக்கும் நேயர்களே, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்களில் மிகக் குறைவாகப் பேசுபவர் யார் என்று யோசியுங்கள். அவரை உங்கள் அறைக்கு வரச் சொல்லாதீர்கள். அவர் வேலை செய்யும் இடத்துக்கு நீங்கள் போங்கள். நான் எதை மாற்றிக்கொண்டால் உங்கள் வேலை நன்றாக நடக்கும் என்று கேளுங்கள். முதல் தடவை ஒன்றுமில்லை என்பார். அடுத்த வாரமும் போய்க் கேளுங்கள். அவர் ஏதாவது சொன்னால், அந்த வாரத்துக்குள் அதில் ஒன்றையாவது செய்து காட்டுங்கள். கீழே இருப்பவர்கள் உண்மை பேசவில்லை என்று குறைபட்டுக்கொள்ளும் உரிமை, இதைச் செய்து பார்த்த தலைவருக்கு மட்டுமே உண்டு.